ராகத்துக்கு வெளியே ஒரு சுரம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவில் நடந்த கச்சேரியில், பாடகி மோகன ராகத்தைப் பாடிக்காட்டிவிட்டு, "இதுல ஆளுக்கொரு வரி கட்டுங்க, எல்லாரும் சேர்ந்து பாடுவோம்" என்றார். என் நான்கு வயது மகள் எழுந்து ஒரு வரி பாடினாள். ராகத்தில் இல்லாத சுரம் ஒன்று நுழைந்துவிட்டது. பள்ளியில் சங்கீதம் படித்த எனக்குக் கூச்சம். அவள் வாயைப் பொத்தினேன்.

"என்ன தங்கச்சி, இங்க பரீட்சையா நடக்குது?" என்று பின்னாலிருந்த கொழுந்து பறிக்கும் அக்கா சிரித்தார்.

பாடகி மறுபடி பாடச் சொல்லிக் கேட்டும் மகள் வாயைத் திறக்கவில்லை. இனிப் பாடவே மாட்டாளோ என்று பயந்தேன்.

"அப்ப அம்மா பாடுங்க" என்றார் பாடகி.

மகளின் வரியைத் திருத்தாமல், அந்த வெளிச் சுரத்தோடேயே பாடினேன்.

"அப்படி இல்லம்மா, கடைசியில இழுக்கணும்" என்றாள் மகள்.

எல்லாரும் இழுத்தோம்.