போன் அடித்தால் ஒளிய வேண்டும்

மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டின் கீழே இஸ்திரிக் கடை, மேலே ஓர் அறை, அதற்கும் மேலே மொட்டை மாடி. ஹோம்ஸ்டேக்காரர்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, மாடியில் காயவைத்து, தேய்த்துக் கொடுப்பது அப்பா அம்மாவின் தொழில். எனக்கு எட்டு வயதிருக்கும். எங்களுக்குப் பெரிய லீவு தொடங்கியிருந்தது, தமிழ்நாட்டில் இன்னும் பள்ளிக்கூடம் முடியவில்லை. அப்போது ஒரு மத்தியானம் திண்டுக்கல்லிலிருந்து சித்தப்பா தன் ஐந்து வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். கொச்சியைச் சுற்றிக் காட்டக் கூட்டி வந்ததாகச் சொன்னார். தம்பி பள்ளிக்கூட யூனிஃபார்மில் இருந்தான். ஊர் சுற்ற வருகிற பிள்ளை யூனிஃபார்மில் வருமா என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். விளையாட ஆள் கிடைத்த சந்தோஷம் எனக்கு.

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் சாயா வேண்டுமா என்று கேட்பதற்கு முன்பே அழுக்குத் துணி இருக்கிறதா என்றுதான் அம்மா கேட்பாள். அன்றும் தம்பியின் யூனிஃபார்மைக் கழற்றி நனைத்துவிட்டு, மாற்றுத் துணிக்காகச் சித்தப்பாவின் பையைத் திறந்தாள். அதில் அவருடைய துணி மட்டுமே இருந்தது. என் பழைய சட்டையொன்றை அவனுக்கு மாட்டிவிட்டு அப்பாவிடம் போனாள்.

"பெத்தவ அனுப்பியிருந்தா ஒரு ஜட்டியாவது வெச்சு விட்டிருக்க மாட்டாளா?"

"அவன் புள்ளைய அவன் கூட்டிட்டு வந்திருக்கான். புருசன் பொண்டாட்டி சண்டையில நமக்கென்ன?" என்றார் அப்பா. அம்மா யூனிஃபார்மை அலசப் போனாள்.

சித்தப்பா எங்களுக்கு ஒரு விளையாட்டுக் கற்றுக்கொடுத்தார். போன் அடித்தால் தம்பி மாடிக்கு ஓடி, காயும் விரிப்புகளுக்கு நடுவே மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது. அவரே வந்து "போதும்டா, வா" என்று சொன்ன பிறகு வெளியே வந்தால் ஒரு சாக்லேட். காவல் நின்றதற்கு எனக்கும் ஒன்று. கீழே அம்மா போனில், "இங்க வரலையே" என்று இழுப்பது காதில் விழும். எனக்குச் சாக்லேட்டின் மேல்தான் கண்.

முதல் சில நாட்கள் தம்பி, அம்மா எப்போது வருவாள் என்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான். நல்ல பிள்ளையாகிவிட்டான் என்று சித்தப்பா மெச்சிக்கொண்டார்.

ஒருநாள் விரிப்பு வாங்க வந்த ஹோம்ஸ்டே சேட்டனின் போன் அடித்தது. சோறு தின்றுகொண்டிருந்த தம்பி எச்சில் கையோடு எழுந்து படியேறி ஓடினான். அப்போது சித்தப்பா வீட்டிலேயே இல்லை. "ஈ கொச்சு எந்தினா ஓடுன்னது?" என்று, பிள்ளை எதற்கு ஓடுகிறான் எனக் கேட்டுச் சேட்டன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பாதிச் சோறு கிடந்த தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் போனதும், அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல் சித்திக்குப் போன் செய்தாள்.

மறுநாள் சித்தப்பா வெளியே போயிருந்த நேரத்தில் சித்தி ஒரு பெண் போலீஸோடு வந்தாள். இளைத்துப் போயிருந்தாள். அம்மா, கஞ்சி போட்டுத் தேய்த்து வைத்திருந்த யூனிஃபார்மை அவளிடம் நீட்டி, "மொத நாளே கூப்பிட்டிருக்கணும். தப்பு பண்ணிட்டேன்" என்றாள். சித்தி அதை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டாள். பிள்ளையின் வாசனை அதில் எங்கே இருக்கப் போகிறது, எங்கள் கஞ்சி மணம்தான் இருந்திருக்கும். ஒரு துணியைத் துவைத்துவிட்டோமே என்று அம்மா வருந்தியது அந்த ஒன்றுக்குத்தான். இன்றும் அவளுக்கு அது ஆறவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சித்தியின் கைப்பையில் போன் அடித்தது. மேலே அறையில் இருந்த தம்பி மாடிக்கு ஓடும் சத்தம் கேட்டது. சித்தி பின்னாலேயே ஓடினாள், நானும் ஓடினேன். மாடியெங்கும் விரிப்புகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. "தங்கம், அம்மாடா. அம்மா வந்திருக்கேன்டா." ஒரு விரிப்புக்கு அடியில் இரண்டு சின்னப் பாதங்கள் தெரிந்தன. அவை அசையவே இல்லை.

பாவம், சித்திக்கு விளையாட்டு தெரியவில்லை என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். "நீங்க கூப்ட்டா வரமாட்டான் சித்தி. சித்தப்பா வந்து போதும்னு சொல்லணும்."

சித்தி அந்தச் சுடுகிற தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நன்றாக ஒளியத் தெரிந்த பிள்ளையைப் பார்த்து எதற்காக அழுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. சித்தப்பாவோ வீட்டில் இல்லை. தம்பிக்குச் சேர வேண்டிய சாக்லேட்டை இனி யார் கொடுப்பார்கள் என்பதுதான் அப்போது என் கவலை.