ஒரு யூனிட் வெப்பம்

மார்கழியில் ஒரு காலை, பெங்களூரிலிருந்து வந்த லாரி எங்கள் வீட்டு வாசலில் ஆறு பெரிய மரப்பலகைகளை இறக்கிவிட்டுப் போனது. மகன் வாங்கி வைத்திருந்த இன்ஃப்ராரெட் சானா அது; உள்ளே உட்கார்ந்து வியர்ப்பதற்கான சூட்டுப் பெட்டி. புதிதாகக் குடிபோன ஃபிளாட்டில் அதற்கு இடமில்லையாம். எனக்கு அப்போது வலது தோள் இறுகிப் போயிருந்தது. முப்பது வருடம் கணக்கு டீச்சராகக் கரும்பலகையில் எழுதிய கை, தலை சீவக்கூட மேலே எழும்பாது. “உங்க தோளுக்கு நல்லதும்மா, வெச்சுப் பாருங்க” என்று போனில் சொன்னான்.

நாமக்கல்லில் யாராவது காசு கொடுத்து வியர்ப்பார்களா? என் கணவர் தேய்ந்த லாரி டயர்களைச் சூடாக்கிப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறை வைத்திருப்பவர். “டயர் வேவற எடத்துல பத்து நிமிசம் வந்து நில்லு, இதெல்லாம் சும்மாவே கெடைக்கும்” என்று சிரித்தார். ஆனாலும் எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து, மகன் படித்த மாடி அறையில் அதைப் பொருத்திக் கொடுத்தார்.

இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு மரப்பெட்டி. கண்ணாடிக் கதவு, சுவரில் கறுப்புத் தகடுகள், மேலே மங்கலான ஒரு சிவப்பு விளக்கு. நீராவி கிடையாது. குளிர்காலத்து இளவெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது போன்ற சூடு. முதல் பத்து நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு மரத்திலிருந்து ஒரு வாசனை கிளம்பும். புருவத்தில் முதல் துளி வியர்வை நிற்கும். அப்புறம் எனக்கு நேரம் கரைந்துவிடும். புறவழிச்சாலையில் போகும் லாரிகளின் இரைச்சல் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போலக் கேட்கும். கண்ணை மூடினால் நான் பாடம் நடத்திய வகுப்பறைகள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். எந்த அறையிலும் பிள்ளைகள் இல்லை. சாக்பீஸ் தூள் மட்டும் வெளிச்சத்தில் மிதந்துகொண்டிருக்கும். வெளியே வந்த பிறகு கொஞ்ச நேரம் கை லேசாக இருக்கும். அந்தச் சமயத்தில் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சிகளைச் செய்தால் தோள் ஒரு விரற்கடை கூடுதலாக அசைந்தது.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் என் ஓரகத்தி இருந்தார். கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அண்ணன் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்தில்தான் திரும்புவார். அக்கா என்னோடு பேசி இரண்டு வருடமாகியிருந்தது. காரணம் என் மகனின் கல்யாணம். மாப்பிள்ளைக்குத் தங்கை முறையில் இருப்பவள் பக்கத்தில் உட்கார்ந்து செய்யும் இணைச்சீர், எங்கள் பக்கத்தில் பெரிய சடங்கு. எனக்குப் பெண் இல்லை. நியாயப்படி அக்காவின் மகள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் என் சொந்தத் தங்கையின் மகளை உட்கார வைத்துவிட்டேன். அக்கா மேடையை விட்டு இறங்கிப் போனவர்தான். அதற்குப் பிறகு எங்கள் மாடிப்படியில் அவர் காலடிச் சத்தம் கேட்டதில்லை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேட்டது. கையில் போனைப் பிடித்தபடி மூச்சிரைக்க வாசலில் நின்றார். இரண்டு தளத்துக்கும் ஒரே மீட்டர். பில்லைப் பாதிப் பாதியாகக் கட்டுவது வழக்கம்.

“ஏனம்மிணி, கரண்டு பில்லப் பாத்தியா? நீ மேல பொட்டிக்குள்ள உக்காந்து வேவறதுக்கு, கீழ இருக்கறவ நான் காசு கட்டோணுமா?”

இரண்டு வருடம் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்குக் கோபம் வரவில்லை. குரலைக் கேட்டதே போதும் என்றிருந்தது.

“உள்ள வாங்கக்கா. அது ஒன்றரைக் கிலோவாட்டுங்க. நாப்பது நிமிசம் ஓடுனா ஒரு யூனிட்டு. ரெண்டு மாசத்துக்கு அறுவதுதானுங்க ஆகும்.”

“இத்தாச்சோட்டுப் பெரிய பொட்டிக்கு ஒரு யூனிட்டுதானா? நீ டீச்சரு, என்ன வேணாலும் சொல்லுவ.”

“அப்ப அளந்தே பாத்தர்லாம்ங்கக்கா.”

இரண்டு வீட்டிலும் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்தோம். ஒருத்தி மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்தச் சின்ன எண்கள் அக்காவின் கண்ணுக்குத் தெரியாது. இன்னொருத்தி பெட்டியில் உட்கார வேண்டும். அக்கா கண்ணாடிக் கதவை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு துண்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

நான் இறங்கிப் போய் மாடிப்படிக்குக் கீழே மீட்டரின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வீடு முழுக்க வேறெதுவும் ஓடவில்லை. மீட்டரில் ஒரு சிறு சிவப்புப் பொட்டு விட்டுவிட்டு மினுங்கியது. மேலே அக்கா இருக்கிறார் என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம். பார்த்துக்கொண்டே இருந்ததில் அது மூச்சு வாங்குவது போலத் தோன்றியது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் காய்ச்சல் கண்டபோது பக்கத்தில் படுத்திருந்த அக்காவின் மூச்சு. அந்த மூன்று நாளும் அவர் என்னை விட்டு நகரவில்லை.

இருபது நிமிடத்தில் பயந்துபோய் மேலே ஓடினேன். கண்ணாடிக்குள்ளிருந்து கையசைத்து “போ, போ” என்றார். நாற்பது நிமிடம் முடிந்தபோது கணக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகவே நின்றது. சொல்லலாம் என்று கதவைத் திறந்தேன். முகமெல்லாம் நனைந்து உட்கார்ந்திருந்தார். வியர்வை எது, கண்ணீர் எது என்று தெரியவில்லை.

“எம்புள்ள அன்னிக்குப் புதுச்சேல எடுத்து வெச்சிருந்தா அம்மிணி” என்றார். “அண்ணனுக்குப் பக்கத்துல உக்காரப்போறேன்னு ரவிக்கைக்கு ஒரு மாசம் பூ வேலை செஞ்சா. இன்னும் அந்தச் சேலையக் கட்டுல.”

“தப்புத்தானுங்கக்கா. எந் தப்புத்தான்” என்றேன். இரண்டு வருடமாக மனதுக்குள் நான் அடுக்கி வைத்திருந்த காரணங்களில் ஒன்றுகூட அப்போது வாய்க்கு வரவில்லை.

எழுந்தவர் தள்ளாடினார். பிடித்து உட்கார வைத்து, உப்புப் போட்ட மோர் கொடுத்தேன். கொஞ்சம் தெளிந்ததும், “சரி, எத்தன யூனிட்டு?” என்று கேட்டார். சொன்னேன். “அப்பறம் எப்புடி அத்தன பில்லு?”

தேடிப் பார்த்ததில் விடை கிடைத்தது. தை பிறந்ததும் போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டது. அரை மணி நேரத்தில் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்த மோட்டார் இப்போது இரண்டு மணி நேரம் ஓடுகிறது. ஆனால் என் பெட்டியும் நிரபராதி அல்ல. ஐநூறு யூனிட்டைத் தாண்டினால் அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். இரண்டும் சேர்ந்துதான் தாண்ட வைத்திருந்தன. கூடுதலாக வந்ததை நானே கட்டுகிறேன் என்றேன். “பாதிய நான் கட்டறேன், நானும் உக்காருவேனில்ல?” என்றார் அக்கா.

மறுநாளே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்த அழுத்தம் அதிகமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். பதினைந்து நிமிடத்துக்கு மேல் கூடாது, முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும், தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்றார். “ஒடம்புல இருக்கற வெசமெல்லாம் வேர்வையில போயிருமாங்க?” என்று அக்கா கேட்டதற்கு டாக்டர் சிரித்தார். “அந்த வேலைய உங்க கிட்னி பாத்துக்கும்மா. இதுல நல்லாத் தூக்கம் வந்தா லாபம்னு வெச்சுக்குங்க.”

தூக்கம் வந்தது. அக்காவின் மூட்டுவலி போய்விடவில்லை. படியேறும்போது இன்னும் முனகுகிறார். என் தோள் ஆடி மாதத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. அதில் பயிற்சியின் பங்கே பெரிது, சூட்டுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. சித்திரை, வைகாசியில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டோம். அந்த வெயிலில் அதற்குள் உட்கார யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. அப்போதும் சாயங்காலமானால் அக்கா மேலே வந்துவிடுவார். அவர் மகளுக்கு நானே போன் செய்து, நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடுங்க சித்தி” என்றாள். முழுதாக விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் அடைமழை. ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். மழையில் கரைந்து ஊரே இல்லாமல் போய்விட்டது போல இருந்தது. அக்கா தன் சின்ன வயதில் ஆடு மேய்த்த ஒரு கரட்டுக் குன்றைப் பற்றியும், அங்கே கூடவே திரிந்த ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றியும் பாதித் தூக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். திடீரென்று கரண்ட் போனது. சிவப்பு விளக்கு அணைந்து, கண்ணாடிக்கு அப்பால் ஜன்னல் மட்டும் சாம்பல் நிறமாகத் தெரிந்தது.

“எந்திரிக்கலாமுங்களா அக்கா?”

“இரு சாமி. பலகையில இன்னும் சூடு இருக்குது.”

உட்கார்ந்திருந்தோம். விட்ட இடத்திலிருந்து அந்த ஆட்டுக்குட்டியின் கதையை அவர் தொடர்ந்தார்.