எட்டு மணி நேரத்தில் உரம்

வீட்டுச் சாமான் வியாபாரத்தில் விற்பதற்குத் தைரியம் வேண்டாம். விற்ற வீட்டுக்குத் திரும்பிப் போகத்தான் அது வேண்டும். வாரண்டி அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, போன் அடித்தாலே எடுக்கத் தயங்கும் சகாக்களே, உங்களுக்குத்தான் இது.

வாய்க்கு வந்த வாக்கு

முள்ளுக்குறிச்சியில் எனக்கு மிக்சி, கிரைண்டர் கடை. சமையல் கழிவை உரமாக்கும் மின்சாரப் பெட்டி ஒன்று வந்தது. அதைக் கொல்லிமலையில், குண்டனி நாட்டு மல்லிகா அக்காவிடம் விற்றேன். அவர் சமையல் மிச்சம் மீதியை ஓடைப் பக்கம் கொட்டினால் காட்டுப்பன்றி வருகிறது. எட்டு வயது மகள் கவிதா பள்ளிக்குப் போகும் வழி அது. "எட்டு மணி நேரத்துல உரம். வாடையே வராது, பன்னி எட்டிக்கூடப் பாக்காது" என்று அடித்துவிட்டேன். பெட்டியில் அச்சடித்திருந்ததற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

"நீங்க சொன்னாச் சரிதானுங்க பாய். புள்ள பயமில்லாமப் போனாப் போதும்."

பலாப் பால்

முதல் போன் பலா சீசனில். பலாத்தோலை அப்படியே போட்டிருக்கிறார். பால் ஒட்டி பிளேடு நின்று, கருகல் வாடை வீசியதும் மெயினை அணைத்துவிட்டு, மகளோடு வெளியே ஓடி வந்து நின்றிருந்தார். கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கை ஏற்றிப் போனேன். பாலைத் தேங்காய் எண்ணெய் தடவிச் சுரண்டி எடுத்து, "இனிமே பலாவே போடாதீங்க" என்றேன்.

"பலாவே போடக் கூடாதுன்னா, இதைக் கொல்லிமலையில எதுக்குங்க பாய் வித்தீங்க?"

மிளகுக் கொடி

இரண்டாவது போன் விடிந்ததும் வந்தது. "ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

பெட்டி கழிவைக் காயவைத்துப் பொடியாக்கியிருந்தது, அவ்வளவுதான். மண்ணில் கலந்து வாரக்கணக்கில் மக்கவிட வேண்டும் என்று கையேட்டில் பொடி எழுத்தில் இருந்தது. நான் படிக்கவே இல்லை. அக்கா அதை உரமென்று நம்பி, வாசலை ஒட்டிய மிளகுக் கொடிகளின் அடியில் கொட்டியிருந்தார். மழையில் ஊறியதும் மறுபடி ஊசிப்போன சோறாகி, பூஞ்சை பிடித்து நாறியது. மூன்று கொடிகள் வேரோடு பெயர்ந்து கிடந்தன. பன்றியின் குளம்புத் தடம் வாசற்படி வரைக்கும் இருந்தது.

"ஓடையில நின்ன பன்னிய வாசலுக்குக் கூட்டியாந்துட்டீங்க. இன்னிக்குப் புள்ளய ஸ்கூலுக்கு நீங்களே கூட்டிட்டுப் போங்க."

ஓடை வழி

போனேன். புதர் அசைந்த இடத்திலெல்லாம் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் எனக்காகத்தான் பயந்தேன். பாதி வழியில்தான், நாளைக்கு இவள் தனியாக வருவாளே என்று உறைத்தது. கவிதா திரும்பிப் பார்த்தாள்.

"கையப் புடிச்சுக்குங்க பாய் மாமா. நான் தினமும் இப்படித்தான் வாரேன்."

இப்போது அந்தப் பெட்டியைப் பற்றி யார் கேட்டாலும் "காயவைத்து அரைக்கும், அவ்வளவுதான்" என்கிறேன். அதன்பிறகு ஒரு பெட்டியும் விற்கவில்லை, ஆனால் விடிகாலையில் போன் அடித்தால் இன்னமும் அந்தச் சின்னக் கை என் கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.