சல்லடை அக்காவும் கண் வங்கி மெயிலும்

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் யாருமில்லை; எல்லோருக்கும் அவள் சல்லடை அக்காதான். மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை, அதில் ஓயாமல் இரையும் மெயில் சர்வர், அந்த அறைக் குளிருக்குத் தோளில் ஒரு சால்வை. லாட்டரி விழுந்தது, லோன் தருகிறோம் என்று வரும் குப்பை மெயில்களைச் சலித்துத் தள்ளுவது அவள் வேலை. அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்தாள். இன்னொரு பெருமையும் அவளுக்கு உண்டு: தன் சட்டைகளைத் தானே தைத்துக்கொள்வாள். பார்த்தவர்களெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மனிதர்கள் நல்லவர்கள்.

மெயில்களைச் சலிக்கும் அவளுடைய ஃபில்டர் தானாகப் பாடம் படிக்கும். யாராவது ஒரு மெயிலை "ஸ்பேம்", அதாவது குப்பை, என்று அமுக்கினால், ஓகோ, இவர்களுக்கு இது ஆகாது என்று கற்றுக்கொள்ளும். படிப்பு முற்றிப்போனால், அந்த மாதிரி மெயிலை அனுப்பியவருக்கும் சொல்லாமல், பெறுகிறவருக்கும் சொல்லாமல் அழித்துவிடும். அப்படி அமைத்தது அவள்தான். யாரையும் தொந்தரவு செய்யக் கூடாதாம்.

ஒரு நாள் காலையில் கண் வார்டு நர்ஸ் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அக்கா, கண் வங்கியிலேர்ந்து கொஞ்ச நாளா ஒரு மெயில் கூட வரலை. போன் பண்ணிக் கேட்டா, 'நாங்க அனுப்பிக்கிட்டுதான் இருக்கோம், நீங்கதான் பதிலே போடறதில்லை'ன்னு சொல்றாங்க."

தானமாகக் கண் கிடைத்தால் அந்த வங்கி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே நேரத்தில் மெயில் அனுப்பும். முதலில் பதில் போடுகிறவர்களுக்கே கண்.

"இப்ப யாருக்கு வேணும்?"

"ஒரு தையல்காரம்மாவுக்கு. ரெண்டு கருவிழியிலயும் வெள்ளை விழுந்துடுச்சு. மெஷினையே மூடி வெச்சுட்டாங்க. தினமும் போன்ல 'நமக்கு வந்துச்சா கண்ணு?'ன்னு கேக்கறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

சல்லடை அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சர்வரின் பதிவுகளில் கண் வங்கியின் முகவரியைத் தேடினாள். மெயில்கள் வந்திருந்தன. திரும்பத் திரும்ப வந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே, "ஸ்பேம், அழிக்கப்பட்டது." யாரோ தங்கள் வீட்டில் அழுதுகொண்டே கொடுத்த கண்ணைப் பற்றிய செய்தியை, அவளுடைய ஃபில்டர் லாட்டரியோடு சேர்த்துக் கூட்டிப் பெருக்கியிருக்கிறது.

ஃபில்டருக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது யார்? ஸ்பேம் பொத்தானை அதிகம் அமுக்கியவர் மருந்தகப் பொறுப்பாளர். நேரே அவரிடம் போனாள்.

"அண்ணா, கண் வங்கி மெயிலை ஏன் ஸ்பேம்ல போடறீங்க?"

"அது எனக்கு எதுக்கும்மா? எல்லா வார்டுக்கும் சேத்து வருது. டெலீட் அமுக்கினா 'நிச்சயமா அழிக்கணுமா?'ன்னு திருப்பிக் கேக்குது. ஸ்பேம்னா பேசாம போயிடுது. நான் மட்டுமா? ஆஸ்பத்திரி பூரா அப்படித்தான்."

அந்தக் கேள்வியை வைத்ததும் அவள்தான். முக்கியமான மெயிலை யாரும் தவறிப்போய் அழித்துவிடக் கூடாதே என்று! தலையில் அடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மதியச் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு வேலையில் இறங்கினாள். ஃபில்டர் படித்த தப்புப் பாடத்தை மறக்கடித்தாள். நர்ஸ் பத்திரமாக வைத்திருந்த பழைய கண் வங்கி மெயில்களைக் காட்டி, இவை நல்லவை என்று புதிதாகப் படிக்க வைத்தாள். வங்கியின் முகவரியைத் தடுக்கக் கூடாதவற்றில் சேர்த்தாள். இனிமேல் சத்தமில்லாமல் எதையும் அழிக்காதே, சந்தேகமென்றால் ஓரமாக வைத்துவிட்டு ஆளிடம் சொல் என்று மாற்றினாள். டெலீட்டின் கேள்வியையும் பிடுங்கி எறிந்தாள்.

வங்கியை ஒரு சோதனை மெயில் அனுப்பச் சொன்னார்கள். அதுவும் மாயம். பக்கத்தில் நின்ற நர்ஸின் முகம் தொங்கிப்போனது. பார்த்தால், இவ்வளவையும் மாற்றிய மகராசி, புதுப் பாடம் ஏறுவதற்காக ஃபில்டரை ஒரு தடவை நிறுத்தித் திரும்ப ஓட விட மறந்திருந்தாள். அதைச் செய்ததும் அடுத்த மெயில் சமர்த்தாக உள்ளே வந்தது.

அந்த வாரமே மாடிப்படியின் உச்சியிலிருந்து நர்ஸின் குரல் கேட்டது. "அக்கா! மெயில் வந்துச்சு! நாமதான் முதல்ல பதில் போட்டோம்!"

சில மாதங்கள் கழித்துத் தையல்காரம்மா யார் கையையும் பிடிக்காமல் மாடிப்படிக்குக் கீழே வந்தாள். ஒரு கண் தெளிந்திருந்தது.

"உங்களாலதான் கிடைச்சுதுன்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"என்னாலதான் தாமதமும் ஆச்சும்மா." அதைச் சொல்லாமல் சல்லடை அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

தையல்காரம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு அவளைப் பார்த்தாள். கிட்டே வந்து, அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள்.

"இதை யாரு தச்சது?"

"நான்தான்."

"ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கழுத்து வேற கோணல். இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லலையா?"

"சொல்லலைம்மா." அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன அவளுக்கு.

"சால்வையைப் போத்திக்கிட்டு அதைக் கழட்டிக் குடுங்க. மெஷினைத் திறந்துட்டேன்."