எட்டு வாளிக் காந்தாரி

மாசி மாதத்தில் ஒரு சாயங்காலம், மொட்டைமாடியில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது கனடாவிலிருந்து என் தங்கை வீடியோவில் வந்தாள். அவள் அங்கே நர்ஸ். கண்ணுக்கு எட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது, அப்படி ஒரு சமவெளி ஊர்; ஆறு மாதம் பனி. எனக்குச் சாயங்காலம் என்றால் அவளுக்குக் காலை. முகத்தைக் காட்டாமல் ஒரு தயிர் டப்பாவைக் காட்டினாள். உள்ளே கறுப்பு மண். மண்ணில் பச்சையாக, ஊசியை வளைத்து வைத்ததுபோல் ஒரு முளை. காந்தாரி மிளகு, எங்கள் பக்கத்துக் குட்டி ஊசிமிளகாய்!

குழாயை அப்படியே போட்டுவிட்டேன். போன தடவை அவள் ஊருக்கு வந்து திரும்பும்போது மீன்குழம்புக்கென்று கொஞ்சம் காந்தாரியை உலர்த்திக் கட்டிக் கொடுத்திருந்தேன். அதிலிருந்து விதையை உதிர்த்து, ஈரத்துணியில் சுற்றி, ஃபிரிட்ஜின் தலையில் வைத்திருக்கிறாள். அவள் குடியிருக்கும் பேஸ்மென்டில் சூடாக இருக்கிற ஒரே இடம் அதுதானாம். அந்த வாரத்துக்குள் எட்டு முளைத்துவிட்டன. தினமும் எண்ணிச் சொல்லுவாள், நான் தினமும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்பேன்.

எட்டாவது முளைத்த அன்று ஒரு விஷயத்தையும் சொன்னாள்.

"அக்கா, இது காய்ச்சா நான் இங்க நிப்பேன். இல்லேன்னா வேலைய விட்டுட்டு வாறேன். இன்னொரு பனி என்னால தனியா தாங்க முடியாது."

எனக்கு அவள் வரவேண்டும். அதை மறைக்க என்ன இருக்கிறது? அப்பா அம்மா போனபிறகு நாங்கள் இரண்டே பேர். திருவட்டாறு பக்கம் எங்கள் வீட்டில் அவளுடைய அறையைச் சனிக்கிழமைதோறும் திறந்து தூசி தட்டி மறுபடியும் பூட்டுகிறவள் நான். ஆனாலும் மிளகு காய்க்கவேண்டும் என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. அவ்வளவு கொண்டாட்டத்தில் இருந்தேன்.

மாடித்தோட்டம் என்று வந்துவிட்டால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. மூன்று சென்டு வீட்டின் மேலே நாற்பது வாளி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் யாராவது சந்தேகம் கேட்டால், மற்றவர்கள் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் குரல் பதிவே போட்டுவிடுவேன். ஆகவே தங்கையை ஏவுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆஸ்பத்திரி கேன்டீனில் ஊறுகாய் வந்த வெள்ளை வாளிகளை அவள் கேட்டு வாங்கி வந்தாள். ஊறுகாய் வாசம் போகிறவரை கழுவச் சொன்னேன். அடியில் ஓட்டை போட, கம்பியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சிக் குத்தச் சொன்னேன். இங்கே எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம். மூன்றாவது வாளியில் புகை மண்டி, கூரையிலிருந்த அலாரம் அலற, மேல்மாடியில் இருந்த வீட்டுக்காரர் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தார். மீதி வாளிகளுக்கு அவரே துளைபோடும் மெஷினைக் கொண்டுவந்து ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

அந்த வீட்டுக்காரர் தக்காளி வளர்க்கிறவர். மே மாதக் கடைசிவரை எந்தச் செடியையும் வெளியே வைக்காதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பக்கத்தில் பத்தாமுதயத்தன்று, அதாவது சித்திரை பத்தாம் நாள், நட்டது எதுவும் பாழ்போகாது. சேம்போ, சேனையோ, மிளகோ, அன்றைக்கு மண்ணில் கை வைத்தே ஆகவேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற எங்கள் வீட்டிலும் இதை யாரும் விட்டது கிடையாது. தக்காளிக்காரருக்குக் காந்தாரியைப் பற்றி என்ன தெரியும்? "ஏட்டி, பத்தாமுதயத்த விட்டா பின்ன நாள் கிடையாது. எட்டையும் வெளிய நடு," என்றேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். நான் விடவில்லை.

அன்றைக்கு அங்கே நல்ல வெயில். அவள் கோட்டு போடாமல் பின்முற்றத்தில் நின்றாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனை மாதம்! ஏழு வாளிகளை வேலியோரம் வரிசையாக வைத்தாள்; எட்டாவதற்கு இடம் பற்றாமல் வீட்டுச் சுவரோரம் தள்ளிவைத்தாள். நானும் இங்கே எட்டு வாளியில் காந்தாரி நட்டேன். ஒரே நாள், ஒரே விதை, இரண்டு தேசம். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் சாயங்காலம் மாடிக்கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது அவள் கூப்பிட்டாள். அழுது முடித்துவிட்ட முகம். இரவில் பனி விழுந்திருக்கிறது. போனை வேலிப்பக்கம் திருப்பினாள். இலைகள் வெந்த கீரையாகக் கறுத்துத் தொங்கின. ஒவ்வொரு வாளியாகக் காட்டிக்கொண்டே போனாள். நான் சொன்னதை அப்படியே கேட்டு நட்ட செடிகள்.

"எல்லாம் போச்சு அக்கா. இத தட்டிட்டு டிக்கெட் பாக்குதேன்."

போன் அவள் கையில் தளர்ந்து கீழே சாய்ந்தது. அப்போது திரையின் ஓரத்தில் சுவர் தெரிந்தது. சுவரில் துணி உலர்த்தும் டிரையரின் வெந்நீராவி வெளியேறும் குழாய். சாயங்கால ஷிப்ட் முடிந்து நடுராத்திரி வந்து, யூனிபார்மை அதில் போட்டு ஓட்டியிருப்பாள் போல. குழாயடியில் எட்டாவது வாளி. அதில் பச்சை.

அவள் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

பேசாமல் இருந்தேன். சொல்லாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் எட்டையும் குப்பையில் தட்டிவிடுவாள். ஓணத்துக்குள் வந்துவிடுவாள். அந்த அறையைப் பூட்டவேண்டாம். மரச்சீனிக் கிழங்கு அவித்து, காந்தாரி வைத்துச் சம்மந்தித் துவையல் அரைத்து, இரண்டு பேருமாக உட்கார்ந்து சாப்பிடலாம். இதெல்லாம் என் தலையில் ஓடியது. அப்புறம் மாசியில் தயிர் டப்பாவைக் காட்டியபோது அவள் குரலில் இருந்த துள்ளல் ஞாபகம் வந்தது. என் வாய் தானாகத் திறந்தது.

"மக்கா, அந்தச் சொவரு மூலையில உள்ள வாளிய காட்டு."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் ஒரே ஓட்டம். வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள், போன் அவள் பாக்கெட்டுக்குள் இருந்தபடியே கத்திக்கொண்டிருந்தது, கத்தியது நான்தான். இனிமேல் தக்காளிக்காரர் சொல்வதை மட்டும் கேள் என்று சொல்லிவிட்டேன். பகலில் வெயிலுக்கு வெளியே, சாயங்காலம் உள்ளே. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு. காற்று பலமாக அடித்த நாளில் வேலியோடு சேர்த்து பெட்ஷீட் கட்டினாள். என் மாடியிலிருக்கும் வாளிகள் வைத்த இடத்தில் இருப்பவை. நிலம் இல்லாததற்கு வாளி என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். வாளிக்குக் கைப்பிடி எதற்கு என்பது அவள் தூக்கிக்கொண்டு ஓடும்போதுதான் எனக்குத் தெரிந்தது. தக்காளிக்காரர் சொன்ன நாளுக்கு அப்புறமும் இரண்டு வாரம் தூக்கினாள். ஆனியில்தான் செடி நிரந்தரமாக வெளியே நின்றது.

ஆவணியில் ஒரு காலை, அதாவது என்னுடைய சாயங்காலம், வெள்ளைப் பூ உதிர்ந்த இடத்தில் வானத்தைப் பார்த்து நின்ற மிளகைக் காட்டினாள். பதினேழு இருந்தன. ஒன்றைப் பறித்துக் கடித்தாள். கண்ணில் தண்ணீர், மூக்கில் தண்ணீர், சிரிப்பு எல்லாம் சேர்ந்து வந்தது. நானும் இங்கே ஒன்றைக் கடித்துவிட்டு மாடியில் குதித்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் அடங்கியதும் அவள், குளிருக்கு இன்னொரு கோட்டு வாங்கவேண்டும் என்றாள். வாங்கு என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காந்தாரிமேல் பழியைப் போட்டேன்.

பிறகு அவள் கேட்டாள், அன்றைக்குப் பனி விழுந்த காலையில் நீ ஏன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தாய் என்று. நெட் போய்விட்டது, திரை அப்படியே நின்றுவிட்டது என்றேன்.

"இல்ல அக்கா," என்றாள். "ஒனக்க பின்னால கொடியில துணி ஆடிட்டுதான இருந்துது."

கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு மிளகைப் பறித்து, கடிக்காமல் விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் செடிக்கு இன்று தண்ணீர் விட்டாயா என்று கேட்டேன். விட்டாச்சு என்றாள்.