மாமிக்கு நான் சொன்ன நல்ல செய்தி

அம்மாவின் தம்பி கட்டிய வெள்ளைக்கார மாமி தன்னை யூதர் என்றே சொல்லிக்கொள்வார். அவருடைய தகப்பன் யூதர், தாய் ஐரிஷ் கத்தோலிக்கர். ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் மாமி யூத வழக்கப்படி மெழுகுதிரி கொளுத்தும்போது மாமா பக்கத்தில் நின்று, கைகூப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் தலையைச் சொறிவார்.

எனக்கு ஒன்பது வயதில், பஸ்ஸில் ஒருவன் மாமியின் கழுத்துச் சங்கிலியிலிருந்த யூத நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு, யூதர்களைத் திட்டும் ஒரு சொல்லைச் சொல்லி அவருடைய கோட்டில் துப்பினான். மாமி டிஷ்யூவால் துடைத்தார். அவன் இறங்கும்வரை என் கையை விடவில்லை.

அடுத்த வருடம் மாமிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. யூத மயானத்தில் கிடக்கும் தகப்பனுக்குப் பக்கத்தில் தன்னைப் புதைக்கவேண்டும் என்று மட்டும் கேட்டார். இடம் கேட்கப் போன மாமா, பள்ளிக்கூட விடுமுறை என்பதால் என்னையும் கூட்டிப்போனார்.

மயான அலுவலகத்தில் இருந்த முதியவர் எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார். மாமியின் தாய் தகப்பன் யூத முறைப்படி மணம் முடித்த பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார். மாமா உள்ளதைச் சொன்னார். முதியவர் பேனாவை மூடி வைத்தார். தாய் யூதர் இல்லையென்றால் தங்கள் முறைப்படி பிள்ளையும் யூதர் இல்லை என்றார். வேறு யூத சபையார் ஏற்றுக்கொள்ளக்கூடும், ஆனால் அவர்களுடைய மயானம் வேறு என்றார். அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"தகப்பன் இஞ்ச கிடக்கேக்க இவவை வேற எங்க கொண்டுபோறது, ஐயா?" என்று மாமா தன்னை மறந்து தமிழில் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் நன்றி சொல்லி எழும்பினார்.

மாமி படுத்திருந்த ஆஸ்பத்திரி வாசலில், "இடம் கிடைச்சிட்டுது எண்டு சொல்லப்போறன். நீ ஒண்டும் கதைக்காத, பிள்ளை" என்றார். நான் தலையாட்டினேன்.

மாமா தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. மாமியின் காதருகே குனிந்து ஆங்கிலத்தில் கிசுகிசுத்தேன்.

"மாமி, நீங்கள் யூதர் இல்லையாம். அலுவலகத்திலேயே சொல்லிவிட்டார்கள். இனி பஸ்ஸில் யாரும் உங்களை ஒன்றும் செய்யமாட்டார்கள்."

"அப்படியா சொன்னார்கள்?" என்று மட்டும் மாமி கேட்டார்.

மாமா வந்து, இடம் கிடைத்துவிட்டது என்று சிரித்தபடி சொன்னபோது, "நல்லது" என்று அவருடைய கையைத் தடவிக்கொடுத்தார். நான் சொன்னதைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் ஏச்சு வாங்கக்கூடாது என்றுதான் அப்படிச் செய்தார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மூன்று கிழமை கழித்து அவரை எல்லோருக்கும் பொதுவான கவுன்சில் மயானத்தில் புதைத்தபோதும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.