வெண்கருவில் ஊற்றிய தண்ணீர்

கழுவிய குடுவைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன். அட்டெண்டர் முருகையா அண்ணன் வாசலிலேயே நின்று, "மைமூன் மேடம் போயிட்டாகளாம், புள்ள" என்றார். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிடுவார் என்று அன்று காலைதான் அவருடைய மேசையைத் துடைத்திருந்தேன்.

காரைக்குடியில் நம் ஆய்வகத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தபோது, எதுவரை படித்தாய் என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று தலையைக் குனிந்தே நடப்பேன். மைமூன் அக்கா கேட்டது, "உங்க வீட்டுல கோழி இருக்காமே?" என்றுதான்.

அவருடைய ஆராய்ச்சி, அவரை நினைத்து இங்கே கூடியிருக்கிற உங்களுக்குத் தெரியும். எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். மணலில் இருக்கிற சிலிக்காவைக் கூழாக்கி, முட்டையின் வெண்கருவைக் கலந்து இறுக விடுவார். உலையில் சுட்டால் வெண்கரு எரிந்துபோகும். அது இருந்த இடம் கண்ணுக்குத் தெரியாத துளையாக நிற்கும். "வெண்கருவுல இருக்க புரதத்தக் கூட்டிக் குறைச்சா துளையும் பெருசாகும், சிறுசாகும். நமக்கு வேணுங்கிற அளவுக்குக் கொண்டாரணும், அம்புட்டுத்தான்" என்பார்.

எங்கள் ஊர் நாச்சியாபுரத்திலிருந்து ஆறு முட்டை கொண்டுவந்து, வெண்கருவைப் பிரித்துக் குவளையின் கோடு வரை ஊற்றி வைப்பது என் வேலை. ஒருநாள் பஸ் நெரிசலில் இரண்டு உடைந்தன. சொல்ல வாய் வரவில்லை. குழாயைத் திறந்து, தண்ணீரால் கோட்டைத் தொடவைத்தேன்.

அந்தத் தடவை துளைகள் சிறுத்துவிட்டன. அடுத்த தடவை சரியாக வந்தது. அது அவரை இன்னும் குழப்பியது. உலையைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார். மூன்று வாரம் கழித்து, "ஒரே அளவு, ஒரே சூடு, ரெண்டு பதிலு. இத நம்பி என்னத்த எழுத? முட்டையே வேணாம், விட்டுரலாம்" என்றார்.

அன்று மாலை ஒரு துண்டுத்தாளில், 'இரண்டு முட்டை உடைந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினேன்' என்று எழுதி, அவருடைய நோட்டில் துளை சிறுத்த அந்த நாளின் பக்கத்தில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். இனி வேலை இல்லை என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் கழுவும் தொட்டிக்கே வந்துவிட்டார். "ஏண்டி, பால்காரர் வீட்டுப் பிள்ளையா நீ?"

"கோவிச்சுக்காதீகக்கா."

"மூணு வாரமா உலையத் திட்டியிருக்கேன். அதுக்கிட்ட யாரு மன்னிப்புக் கேக்குறது? எம்புட்டுத் தண்ணி ஊத்துன?"

"தெரியலக்கா."

"வா, இன்னைக்கு அளந்து ஊத்து."

தண்ணீரைக் கூட்டக் கூட்டத் துளை சிறுத்தது. இது புதுக் கண்டுபிடிப்பெல்லாம் இல்லை என்று அவரே சிரித்தார். ஆனால் முட்டையை விடவில்லை.

நேற்று அவருடைய நோட்டை எடுத்துக்கொடுக்கச் சொன்னார்கள். என் துண்டுத்தாளை அதில் ஒட்டிவைத்திருந்தார். கீழே அவர் எழுத்து: 'இந்தத் தடவை அளவு தவறு. காரணம் சொன்னது வள்ளி.' தண்ணீர் ஊற்றியது வள்ளி என்று எழுதவில்லை.

நோட்டு ஆய்வகத்துக்கு. அந்த ஒரு வரி எனக்கு. இன்று காலை ஒரு குடுவை கைதவறி உடைந்தது. தாளைத் தேடவில்லை, நேரே போய் வாயால் சொன்னேன்.